மொட்டைக்கழுத்தும் பன்னெண்டு குஞ்சும்

போன வாரம் பக்கத்து தெரு அக்கா ஒருத்தங்க வந்து, சந்தையில ஒரு மாசக் குஞ்சு பத்து வாங்கியாந்துட்டேன், பழைய கோழிங்க கிட்டவே சேக்க மாட்டேங்குது, கொத்தியே சாவடிச்சிடும் போல இருக்கு, நீ எப்படிம்மா சேத்தேன்னு கேட்டாங்க. வாசப்படியில நின்னுகிட்டே முக்கா மணி நேரம் பேசிட்டேன், உள்ள அடுப்புல பருப்பு தீஞ்சே போச்சு. அதான் ஒரு தடவ எழுதி வச்சிடலாம்னு உக்காந்திருக்கேன். அடுத்த ஆள் கேட்டா இதை அனுப்பிட்டு நான் பருப்பை பாத்துக்கலாம்ல.

எங்க ஊரு காரிமங்கலத்துக்கு பக்கம். வீட்டுக்கு பின்னாடி கொஞ்சம் காலி இடம், ஒரு முருங்கை மரம், ரெண்டு கொய்யா, வேலிக்கு அந்தாண்ட அடுத்தவங்க மாந்தோப்பு. வீட்டுக்காரர் ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு ஷிப்ட்டுக்கு போறவரு, அதனால கோழி விஷயம் முழுக்க நானும் அத்தையும்தான். இது பண்ணையெல்லாம் இல்லீங்க, முட்டைக்கும் நாலு விருந்தாளி வந்தா குழம்புக்கும் வளக்குறதுதான். அப்ப இருந்தது 7 பெட்டை, 1 சேவல். எல்லாம் சிறுவிடைன்னு சொல்ற நாட்டுக்கோழி, ஒண்ணே ஒண்ணு மட்டும் கழுத்துல முடியே இல்லாத மொட்டைக்கழுத்து. அது எப்படி எங்க கூட்டத்துக்கு வந்துச்சுன்னு ஒரு தனிக் கதை, இப்ப வேண்டாம்.

குஞ்சு சேக்கறதுக்கு முன்னாடி நம்ம கோழிங்களுக்குள்ள யாரு பெரியவ யாரு சின்னவன்னு தெரிஞ்சிருக்கணும். அதுக்கு பெரிய ஆராய்ச்சி ஒண்ணும் வேண்டாம், காலையில ஒரு கை ராகிய ஒரே இடத்துல குவிச்சு போட்டுட்டு தள்ளி நின்னு பாருங்க. எங்க வீட்ல செவலைதான் முதல்ல வருவா, அவ வந்தா மத்ததெல்லாம் ஒரு அடி நகந்து வழி விடும். அவளுக்கு அடுத்து கருப்பி, அப்புறம் புள்ளி, இப்படியே போயி கடைசியில மொட்டைக்கழுத்து. பாவம் அது ஓரமா நின்னு தெறிச்சு விழுற நாலு மணிய பொறுக்கிட்டு இருக்கும், அதையும் யாராச்சும் ஒருத்தி வந்து கொத்தி தள்ளிவிட்டுடுவா. இந்த வரிசைய முதமுதல்ல உக்காந்து எழுதி வச்சவரு நார்வே நாட்டுக்காரரு, ஷெல்டெருப்-எப்பேன்னு பேரு, சின்னப் பையனா இருக்கும்போதுலேர்ந்து கோழிங்களையே பாத்துகிட்டு இருந்து, 1920கள் ஆரம்பத்துல அதையே ஆராய்ச்சியா எழுதிட்டாரு. நம்ம ஊர்ல கோழி பின்னாடியே சுத்துற பையனை என்ன சொல்லுவாங்கன்னு நமக்கு தெரியும்.

சரி விஷயத்துக்கு வரேன். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி 12 குஞ்சு வாங்கினேன், மிஷின்ல பொரிச்ச ஒரு நாள் குஞ்சு. அந்த நேரம் பாத்து எந்தக் கோழியும் அடைக்கு உக்காரல, இல்லாட்டி இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. ஒரு அட்டைப் பெட்டி, அடியில கடலைத் தோல், மேல ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு. முதல் வாரம் 35 டிகிரி சூடு இருக்கணும், அப்புறம் வாரத்துக்கு ஒரு 3 டிகிரி கொறச்சுக்கிட்டே வரணும்னு சொல்லுவாங்க, நான் தெர்மாமீட்டர் எல்லாம் வைக்கல. குஞ்சுங்க பல்புக்கு கீழயே ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னா குளிருதுன்னு அர்த்தம், மூலைக்கு மூலை ஓடி வாயைத் தொறந்துகிட்டு நின்னா சூடு ஜாஸ்தி, பரவலா படுத்து தூங்குனா சரியா இருக்கு. அவ்ளோதான். மார்கழிக் குளிரு இந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு போய் பாப்பேன். பாப்பா பொறந்தப்ப கூட நீ இவ்ளோ எந்திரிக்கலன்னு இவரு கிண்டல் பண்ணாரு.

7வது நாள் வெள்ளைக்கழிச்சல் வராம இருக்க லசோட்டாங்கற தடுப்பு சொட்டு மருந்து கண்ணுல விட்டாச்சு, நாலாவது வாரம் இன்னொரு தடவ. அந்த மருந்த ஐஸ் வச்ச பிளாஸ்க்லதான் எடுத்துட்டு வரணும், கரைச்ச பிறகு 2 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிடணும், மிச்சத்த நாளைக்குன்னு பிரிட்ஜ்ல வச்சா அது வெறும் தண்ணி.

இப்ப நான் பண்ண தப்பு. நாலு வாரம் முடிஞ்சு ரெக்கையெல்லாம் ஓரளவு மூடிடுச்சு, பெட்டிய விட்டு தாவித் தாவி வெளிய வருதுங்க, வீடு முழுக்க எச்சம், நாத்தம் வேற. ஒரு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்ல இருந்தோம், வெயில் நல்லா அடிச்சுது, சரி பாவம் எத்தனை நாளைக்குத்தான் பெட்டிக்குள்ளயே அடைச்சு வைக்கிறது மண்ண பாக்கட்டும்னு பன்னெண்டையும் தூக்கிட்டு போய் பின்னாடி நடு வாசல்ல விட்டுட்டேன். நான் கூடவே நிக்கிறேன்ல, என்ன ஆயிடப்போகுதுன்னு ஒரு தைரியம்.

முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் நடக்கல. பழைய கோழிங்க எல்லாம் கழுத்தை நீட்டி, ஒரு கால தூக்கி வச்ச மாதிரியே நின்னு பாத்துச்சு. செவலை நேரா வந்தா, முன்னாடி நின்ன குஞ்ச மண்டையில ஒரே ஒரு கொத்து, அது கீச்சுன்னு கத்திட்டு பின்னாடி ஓடுச்சு, செவலை அதோட திரும்பி போய் மண்ண கிளற ஆரம்பிச்சுட்டா. அப்பாடா இவ்ளோதானான்னு நெனச்சேன். அப்பத்தான் ஓரமா நின்ன மொட்டைக்கழுத்து வந்துச்சு. அது கொத்திட்டு விடல. ஒரு குஞ்ச கொய்யா மரம் வரைக்கும் தொரத்திட்டு போய், மேல ஏறி நின்னு, உச்சி முடிய கவ்வி இழுத்து இழுத்து கொத்துது. நான் ஓடிப்போய் புடுங்கறதுக்குள்ள மண்டைத்தோலு ஒரு பொட்டு அளவுக்கு பிஞ்சு ரத்தம். இங்க நான் இதைப் பாத்துட்டு இருக்கேன், அங்க ரத்தம் பட்ட இன்னொரு குஞ்ச புள்ளியும் இன்னும் ரெண்டு பேரும் சேந்துகிட்டாங்க. செவப்ப கண்டா கோழி விடாது, ஒண்ணு கொத்தினா எல்லாம் கொத்தும். அத்தை தொடப்பத்தோட ஓடி வந்து எல்லாத்தையும் வெரட்டுனாங்க. எல்லாம் சேத்து பத்து நிமிஷம் இருக்குமா, அதுக்குள்ள ஒரு குஞ்சு போயிடுச்சு, ஒண்ணு மண்டை உரிஞ்சு கெடக்குது.

மண்டை உரிஞ்சதுக்கு வேப்பெண்ணெயில மஞ்சத்தூள் கொழைச்சு தடவி தனியா வச்சேன். பொழைக்காதுன்னுதான் நெனச்சோம். பொழைச்சுகிச்சு, ஆனா உச்சியில முடி மொளைக்கவே இல்ல, பாப்பா அதுக்கு சொட்டைன்னு பேரு வச்சிட்டா.

அன்னிக்கு ராத்திரி எனக்கு கோவமெல்லாம் மொட்டைக்கழுத்து மேலதான். வரிசையில கடைசியில இருந்து எல்லார்கிட்டயும் கொத்து வாங்குனது இது, இது இரக்கப்பட்டிருக்க வேண்டாமான்னு கேட்டேன். அத்தை வெத்தலைய மடிச்சுக்கிட்டே, "செவலைக்கு எந்நேரமும் ஆறு பேரு கீழ இருக்காங்க. அதுக்கு இன்னிக்குத்தான் மொதமொத ஆளு கெடைச்சிருக்கு, விடுமா"ன்னாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ வீட்ல கேட்டுப் பாத்துட்டேன், புதுக் குஞ்சு வரும்போது பெரிய தொல்லை குடுக்கறது அனேகமா கீழ் வரிசையில இருக்கறதுதான். அதனால நீங்க சேக்கும்போது கண்ணு வைக்க வேண்டியது தலைவி மேல இல்ல, கடைசியில நிக்கிறவ மேல.

சரி, ரெண்டாவது தடவ எப்படி பண்ணேன். தக்காளி க்ரேட்லேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுதான் எனக்கு கை குடுத்துச்சு. பாலக்கோடு ராயக்கோட்டை பக்கம் தக்காளி போட்ற யாரு வீட்ல கேட்டாலும் ஒடைஞ்ச பிளாஸ்டிக் க்ரேட் ரெண்டு கெடைக்கும். அதை கவுத்து போட்டு, பக்கவாட்டுல ஒரு இடத்துல ஆக்ஸா பிளேடால கம்பிய அறுத்து குஞ்சு மட்டும் நுழையற அளவுக்கு ஓட்டை வச்சேன், எங்க குஞ்சுக்கு அப்ப நாலு விரல் அகலம் போதுமா இருந்துச்சு. அறுத்த முனையை சாணைக்கல்லுல தேச்சு மழுங்கடிச்சிடுங்க, இல்லாட்டி கண்ண குத்திடும். இந்த மாதிரி நாலு க்ரேட். இதுக்குள்ளயே குஞ்சுத் தீவனமும் தண்ணியும். பெரிய கோழி தலைய மட்டும் உள்ள விடலாம், ஒடம்பு வராது. குஞ்சுக்கு தொரத்தல் வந்தா ஓடி ஒளிய இடமும் ஆச்சு, சாப்பாட்ட பெரிசுங்க புடுங்காத மாதிரியும் ஆச்சு. ஆனா ஒண்ணு, ஒரே ஓட்டை வச்சா உள்ளயே மடக்கிடும், வெளிய நின்னுகிட்டு மொட்டைக்கழுத்து காவல் காத்ததை நானே பாத்தேன், அப்புறம்தான் எதிர்ப்பக்கமும் ஒரு வழி வச்சேன்.

ஆனா இது பின்னாடி வந்த விஷயம். அதுக்கு முன்னாடி வலை. முருங்கை மரத்துலேர்ந்து கொட்டாய் செவுரு வரைக்கும் கோழி வலைய இழுத்து கட்டி, இந்தப் பக்கம் குஞ்சுங்க, அந்தப் பக்கம் பழசுங்க. மேல வலை மூடணும், மறந்துடாதீங்க, பருந்துக்கு கூட இல்ல, காக்காவுக்கு. ஒருத்தர ஒருத்தர் பாக்கலாம், தொட முடியாது. முதல் நாள் பழசுங்க வலைய ஒட்டி நின்னு கழுத்து முடிய சிலுப்பிகிட்டு சண்டைக்கு நின்னுச்சு, மூணாவது நாள் வந்து பாத்துட்டு போயிடுச்சு, ஒரு வாரத்துல வலைக்கு பக்கத்துலயே படுத்து மண்ணு குளிக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் ரெண்டு பக்கத்துக்கும் தீவனத்த வலைய ஒட்டியே வைப்பேன், நடுவுல வலை இருந்தாலும் ஒரே பந்தியில உக்காந்து சாப்ட்ட மாதிரி. இப்படி மொத்தம் நாலு வாரம் ஓட்டுனேன். ரெண்டு வாரம் போதும்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா நம்ம நாட்டுக்குஞ்சு பிராய்லர் மாதிரி ஒரு மாசத்துல ஊதிடாது, ஒடம்பு வர நாளாகும், கொத்து வாங்கி ஓடித் தப்பிக்கற அளவுக்காச்சும் வளரட்டும்னு விட்டேன்.

அத்தைக்கு இந்த வலை வேலையெல்லாம் பாத்து சிரிப்பு. புது ஆளுக்கு பழைய வாசனை வரணும்னு ரெண்டு பக்கமும் அடுப்புச் சாம்பல தூவுனாங்க. சாம்பல் செல்லுக்கு நல்லது, கோழிக்கு பேன் செல்லு ஒட்டாது, அதனால நான் தடுக்கல. ஆனா கோழி வாசனைய வச்சு இல்ல, மூஞ்சியையும் கொண்டையையும் பாத்துதான் ஆளை அடையாளம் கண்டுக்குது. சாம்பல் பூசுன குஞ்ச பாத்து செவலை ஒரு நிமிஷம் கூட ஏமாறல.

சீக்கு விஷயம் சொல்லாம விட்டா இந்தப் பதிவு அரைகுறை. சந்தையில வாங்கியாந்த குஞ்சா இருந்தா, இப்ப அந்த அக்கா வாங்கியாந்த மாதிரி, வலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கூட வைக்காதீங்க, ரெண்டு மூணு வாரமாச்சும் கண்ணுக்கே தெரியாத இடத்துல தனியா வைங்க, அங்க போட்ட செருப்போட இங்க வராதீங்க. போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஒரு தடவ போய் பாருங்க, எத்தனை ஊருக் கோழி ஒரே கூடையில கால் கட்டி கெடக்குதுன்னு. பாக்கும்போது நல்லாத்தான் இருக்கும், நாலாவது நாள் தூங்கி விழும், பச்சையும் வெள்ளையுமா கழியும், கழுத்து திருகிக்கும். அந்த வெள்ளைக்கழிச்சலுக்குத்தான் ராணிக்கெட்னு பேரு, வடக்க உத்தரகாண்ட்ல இருக்கற ஊரு அது, நம்ம நாட்டுல முதல்ல அங்க கண்டுபுடிச்சதால நோய்க்கு அந்த ஊரு பேரையே வச்சிட்டாங்க. எங்க ஊர்ல நாலு வருஷம் முன்னாடி ஒரே வாரத்துல தெருவுல ஒரு கோழி மிச்சம் இல்லாம போச்சு, எங்க வீட்ல 19.

பிப்ரவரியில கால்நடைத் துறையில இதே நோய்க்கு கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவாங்க, பழசுங்க எட்டுக்கும் அதுல ரெக்கைக்கு அடியில ஊசி போட்டுட்டேன். குஞ்சையும் கூடையில தூக்கிட்டு போனேன், 8 வாரம் ஆகட்டும் இது இப்ப தாங்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 8 வாரம் முடிஞ்சதும் போட்டுட்டு, அதுக்கப்புறம் இன்னும் ஒரு வாரம் கழிச்சுதான் வலைய எடுத்தேன். ஊசி போட்ட அலுப்பும் கொத்து வாங்கற பயமும் ஒரே நேரத்துல வேண்டாம்னு.

இன்னொன்னு ரத்தக்கழிச்சல். இது மூணு வாரத்துலேர்ந்து ரெண்டு மாசம் வரைக்கும் இருக்கற குஞ்சைத்தான் அதிகமா புடிக்கும். பெரிய கோழி நல்லா திடகாத்திரமா சுத்திட்டு இருக்கும், ஆனா அதோட எச்சத்துல அந்தக் கிருமி இருக்கும், ஈரம் பட்டா அதுக்கு வீரியம் வந்துடும், அதைக் கொத்தி தின்னா குஞ்சு படுத்துடும். அதனால தண்ணி வைக்கிற இடம்தான் முக்கியம், அங்கதான் எப்பவும் சொதசொதன்னு இருக்கும். நான் தண்ணித் தட்ட ரெண்டு செங்கல் மேல வச்சு, கீழ இருக்கற கடலைத் தோலை ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்திடுவேன். ஒரு தடவ ரெண்டு குஞ்சு உடம்ப குறுக்கிகிட்டு நின்னுச்சு, எச்சத்துல செவப்பா பாத்ததும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போய் தண்ணியில கலக்குற மருந்து வாங்கி எல்லாத்துக்கும் குடுத்தேன், தப்பிச்சிடுச்சு. நாளைக்கு பாக்கலாம்னு விடற நோய் இல்ல இது.

தீவனத்துல எல்லாரும் விடற ஒரு தப்பு இருக்கு. முட்டைக்கோழித் தீவனம்னு மூட்டையில விக்கறாங்கல்ல, அதுல ஓட்டுக்காக சுண்ணாம்புச்சத்து 3.5லேர்ந்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும், குஞ்சுக்கு வேண்டியது ஒரு சதவீதம்தான். வளர்ற குஞ்சு அதையே தின்னுகிட்டு இருந்தா கிட்னி கெட்டுடும். சேத்து விட்ட பிறகு யாரு எதை தின்னுதுன்னு பின்னாடியே போக முடியுமா. அதனால ரெண்டு பேருக்கும் பொதுவா வளர்ற கோழித் தீவனத்தையே போட்டுட்டு, முட்டை போடறவங்களுக்கு ஒரு சட்டியில கிளிஞ்சலை தனியா ஒடைச்சு வச்சிட்டேன். வேணுங்கறது போய் தின்னுக்கும், குஞ்சு அதை சீண்டாது. அதோட கரையான். பழைய மண்சட்டியில ஈரச்சாணி, கிழிஞ்ச சாக்கு, கொஞ்சம் வைக்கோல் போட்டு தோட்டத்துல புத்து இருக்கற பக்கமா சாயங்காலம் கவுத்து வச்சா காலையில சட்டி முழுக்க வெள்ளையா ஊறும். இதை குஞ்சுப் பக்கம் கொட்டும்போது வர்ற சந்தோஷத்த பாக்கணுமே, பன்னெண்டு பேரு பந்தியில ஒரே அப்பளம் வச்ச மாதிரி.

வலை எடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மொட்டைக்கழுத்த புடிச்சு பஞ்சாரத்துல போட்டு முன்பக்க திண்ணையில வச்சிட்டேன். அதுக்கு தண்டனையா இல்ல. அது ஒரு வாரம் கண்ணுல படாம இருந்துட்டு திரும்ப வந்தா அதுவே புது ஆள் மாதிரிதான், மத்தவங்க கண்ணுல அதுக்கு கொஞ்சம் பவுசு கொறஞ்சிருக்கும், குஞ்சுங்களுக்கு அதுக்குள்ள இடம் பழகிடும். அதோட கொட்டாய்க்குள்ள இருந்த பரண் கட்டையை இடம் மாத்தி கட்டுனேன், முட்டைக் கூடைய அந்த மூலையிலேர்ந்து இந்த மூலைக்கு போட்டேன். பழசுங்களுக்கே இது நம்ம இடமான்னு ஒரு குழப்பம் வரணும்.

ராத்திரியில கொண்டுபோய் சேத்துடுங்க, காலையில எந்திரிச்சா கூடவே இருந்த மாதிரி நெனச்சுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. பாதி உண்மை. இருட்டுல கோழிக்கு கண்ணு தெரியாது, அதனால அப்ப சண்டை வராது, அது சரி. ஏழரை மணிக்கு டார்ச்சுக்கு மேல துணிய சுத்திகிட்டு ஒவ்வொண்ணா தூக்கி பரண்ல கீழ் கட்டையில உக்கார வச்சேன், செவலை கொர்ர்ருன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு தூங்கிட்டா. ஆனா காலையில யாரும் ஏமாறல. அஞ்சரைக்கு எந்திரிச்சு போனேன், இதுதான் முக்கியம், அவங்க எறங்கறதுக்கு முன்னாடி நீங்க அங்க இருக்கணும், கதவை தொறந்து விடணும். மூடுன கொட்டாய்க்குள்ளயே விடிஞ்சா ஓடவும் வழி இல்ல, அங்கதான் சாவு நடக்கும். வெளிய நாலு இடத்துல தீவனம், மூணு இடத்துல தண்ணி, அங்கங்க கவுத்த க்ரேட், ஒரு முட்டைக்கோஸ கயித்துல கட்டி தொங்க விட்டேன், வேலை வெட்டி இல்லாம இருந்தாத்தானே வம்புக்கு போவாங்க. அன்னிக்கு கொத்து நடக்கலையான்னா நடந்துச்சு. ஒரு கொத்து, குஞ்சு ஓடுச்சு, முடிஞ்சுது. இந்த மாதிரி கொத்துக்கு நீங்க குறுக்க போகாதீங்க, அது அவங்க வரிசைய எழுதிக்கறாங்க. ரத்தம் வந்தா, இல்ல ஒரே குஞ்ச விடாம தொரத்தி மூலையில மடக்குனா, இல்ல ஒரு குஞ்சு நாள் பூரா தீவனத்துக்கே வராம ஒளிஞ்சுகிட்டு இருந்தா, அப்ப போங்க. பாதி நேரம் அதுக்கும் நான் போக வேண்டியிருக்கல, சேவல் ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து ரெக்கைய ஒரு பக்கமா தாழ்த்திகிட்டு நின்னுடும். அதுவரைக்கும் அந்த சேவல வெறும் சாப்பாட்டு ராமன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

சொட்டைய மட்டும் தனியா விடல, அதோட கூட வளந்த ரெண்டு பேரோட சேத்துதான் விட்டேன். ஒத்தைக் குஞ்ச ஒரு கூட்டத்துல விடறது மாதிரி பாவம் எதுவும் இல்ல.

ஒரு வாரம் கழிச்சு மொட்டைக்கழுத்த விட்டேன். வந்ததும் சொட்டைய பாத்து கழுத்த நீட்டுச்சு. புள்ளி எங்கிருந்தோ வந்து மொட்டைக்கழுத்த ஒரு போடு போட்டா. அவ்வளவுதான், போய் ஓரமா நின்னுகிச்சு. எனக்கு அதைப் பாத்து சந்தோஷமா இருந்துச்சா சங்கடமா இருந்துச்சான்னு இப்பவும் தெரியல.

இதுக்கப்புறம் சித்திரையில கருப்பி அடைக்கு உக்காந்தா. 9 முட்டை வச்சேன், 21 நாள், அந்த வெயிலுக்கு 6 பொரிச்சதே பெருசு. அன்னிக்கே ஒரு நாள் குஞ்சு 4 வெளியில வாங்கியாந்து, ராத்திரி இருட்டுனதும் அத்தை கருப்பிய லேசா தூக்கி அடியில சொருகிட்டாங்க. காலையில பத்தும் அவ குஞ்சு. மூணாவது நாள் கூட்டிகிட்டு வெளிய வந்தா பாருங்க, ஒடம்பு முடியெல்லாம் குத்திட்டு நின்னு ரெண்டு மடங்கு பெருசா தெரியறா, வரிசையில ரெண்டாவதுல இருந்தவ செவலையையே பறந்து அடிக்கறா, பாப்பாவோட காலையும் விடல. எந்தக் கோழியும் ஒரு முழம் கிட்ட வரல. வலை இல்ல, க்ரேட் இல்ல, ராத்திரி டார்ச் இல்ல. ரெண்டு மாசத்துக்கு மேல ஆனதும் அவளே குஞ்சுங்கள கொத்திப் பிரிச்சு விட்டா, அதுக்குள்ள யாருக்கு வழி விடணும், யாரு பக்கத்துல தின்னலாம்னு எல்லாம் அதுங்களுக்கு தெரிஞ்சு போச்சு.

எங்க காலத்துல வலையா கட்டுனோம்னு அத்தை அப்ப சிரிச்சதுக்கு எனக்கு பதில் அன்னிக்குத்தான் கெடைச்சுது. அவங்க காலத்துல தாய் இல்லாத குஞ்சே கெடையாது. மிஷின்ல பொரிச்சு வந்ததாலதான் நான் நாலு வாரம் வலையும் நாலு க்ரேட்டும் வச்சு, கருப்பி முடிய சிலுப்பி ஒரு நொடியில பண்றத பண்ணிட்டு இருந்தேன். இதை அத்தைகிட்ட சொன்னேன், "அதைத்தானேம்மா நானும் சொன்னேன்"னுட்டு பொடக்காளி பக்கம் போயிட்டாங்க. அவங்க அப்படி எதுவும் சொல்லல.

அதனால கோழி அடையில இருந்தா அதைவிட நல்ல வழி இல்ல, அதுக்காக காத்திருந்து வாங்குங்க. குஞ்சு பொறந்து ரெண்டு மூணு நாளைக்குள்ளதான் இது நடக்கும், அதுக்கு மேல பெருசான குஞ்ச அடியில வச்சா தாயே கொத்திடும், குஞ்சும் தாயை ஒட்டாது. அந்த அக்காவுக்கு ஒரு மாசக் குஞ்சு, அவங்களுக்கு வலைதான்.

கணக்கு கேட்டீங்கன்னா, அந்த 12ல ஒண்ணு அன்னிக்கு போச்சு, ஒண்ணு ஆனி மாசம் கீரி தூக்கிட்டு போச்சு, மிச்சம் 10. அதுல 6 சேவல், நம்ம ராசி. ஆடிப் பதினெட்டுக்கு ரெண்டு குழம்பாச்சு, மூணை வித்தாச்சு, ஒண்ணு யாருக்கு குடுக்கறதுன்னு தெரியாம நிக்குது, அதுக்கும் பழைய சேவலுக்கும் இப்ப காலையில யாரு முதல்ல கூவறதுன்னு போட்டி.

சொட்டை போன வெள்ளிக்கிழமை முதல் முட்டை போட்டுச்சு. பொட்டு அளவு, ஓட்டுல லேசா ரத்தக் கோடு. முட்டைக் கூடையில போடல, கவுத்து வச்ச தக்காளி க்ரேட்டுக்கு மேல போட்டிருந்துச்சு, உள்ள நுழைய முடியாத அளவுக்கு வளந்துட்டாலும் அந்த இடத்த விடல. போட்டுட்டு கேரிகிட்டே எறங்கி வந்து, ராகி தின்னுட்டு இருந்த கருப்பியோட குஞ்சு ஒண்ண நடு மண்டையில பாத்து ஒரு கொத்து.